அறுநூற்று இருபத்தேழு

லேப்காரருக்கு அந்த வருஷம் தூக்கம் வராத இடமே கிடையாது. பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவார். கேன்டீனில் டோக்கன் வாங்கும் வரிசையில் தூங்குவார். வகுப்பில், கடைசி பெஞ்சில், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கும் வித்தையும் கைவந்திருந்தது. பின்னே என்ன செய்வார் மனுஷன்? நாற்பத்து நாலு வயது. காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் சிக்னல் ஆய்வகத்தைத் திறக்க வேண்டும். பத்து மணிக்கு மாடியேறிப் போய் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மாணவனாக உட்கார வேண்டும். மத்தியானம் கீழே இறங்கி வந்து அதே பிள்ளைகளுக்கு வயர் எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து இவரிடம் நோட்டு கேட்டு வாங்கினவன், மத்தியானம் வந்து "அண்ணா, என் ஸ்டூல் ஆடுது" என்பான். அந்த ஸ்டூலையும் இவர்தான் சரி செய்ய வேண்டும்.

பாடத்தின் பெயர் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங், அறிமுக நிலை. அறிமுகம் என்று பெயர் வைத்தவனைக் கூட்டிவந்து நாலு கேள்வி கேட்க வேண்டும். பேச்சோ, பாட்டோ, இதயத் துடிப்போ, எதையும் எண்களாக மாற்றி, அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கி, வேண்டாத இரைச்சலை விலக்குகிற படிப்பு அது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் மூன்றாவது வாரத்திலேயே இசட் என்று ஒரு எழுத்து வந்து நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அது எண்ணா, இடமா, காலத்தைத் தள்ளிப்போடுகிற ஏற்பாடா என்று கடைசிவரை பிடி கொடுக்காது. லேப்காரரை அது இரண்டு தடவை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. முதல் தடவை முப்பத்தொன்று, அடுத்த தடவை முப்பத்தெட்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஊழியர் ஒதுக்கீட்டில் படிக்கிறவர்கள் மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. இது மூன்றாவது.

இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்காதவர்கள் இல்லை. காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலையில் இருந்தாள். பதினாறு வருஷமாக நின்றுகொண்டே செய்கிற வேலை. இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டு நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமேலும் நின்னுக்கிட்டே வேலை செஞ்சா புண்ணு வெச்சிடும்" என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஒரே சம்பளத்தில் வீடு ஓட வேண்டுமென்றால், லேப்காரர் ஆய்வக உதவியாளர் என்ற நிலையிலிருந்து தொழில்நுட்ப உதவியாளராக ஏற வேண்டும். அதற்கு இந்தப் பாடத்தில் தேர்ச்சி வேண்டும். சான்றிதழைப் பரீட்சை நடக்கிற மாதம் முப்பதாம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அடுத்து எப்போது ஆள் எடுப்பார்களோ தெரியாது. எப்போது எடுத்தாலும் அவருக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். விஷயம் இவ்வளவுதான். மனைவி உட்கார வேண்டுமானால் இவர் பாஸாக வேண்டும்.

ஆய்வகத்தில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: அறுநூத்தி இருபத்தேழு. பிள்ளைகள் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு காது கேட்கவே சொல்வார்கள். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அங்கே பன்னிரண்டு போர்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டு டப்பா அளவு. மூடிமேல் சீல் ஒட்டியிருக்கும். உள்ளே வருகிற அலையை நொடிக்கு எட்டாயிரம் தடவை எட்டிப் பார்த்து, பார்த்ததையெல்லாம் எண்ணாகக் குறித்துக்கொண்டு, அந்த எண்களை வைத்து அலையைத் திரும்ப வரைந்து வெளியே அனுப்புவது போர்டின் வேலை. வெளியே வருவது நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பக்கத்தில் இருக்கிற மீட்டர் காட்டும். மெதுவான அலையை விட்டால் போனபடியே திரும்பி வரும். ரொம்ப வேகமான அலையை விட்டால்தான் வேடிக்கை. ஏழாயிரத்தை விட்டால் அது ஆயிரமாக வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். எட்டாயிரத்தில் ஏழாயிரம் போக ஆயிரம்; புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் அந்த ஆய்வகத்தின் மீட்டர்களில் ஆயிரம் வராது. முன்னூற்று எழுபத்து மூன்றுதான் வரும். ஆறாயிரத்தை விட்டால் இரண்டாயிரம் வர வேண்டிய இடத்தில் ஆயிரத்து முன்னூற்று எழுபத்து மூன்று. வேஷம் போட்டு வருகிற எந்த அலையாக இருந்தாலும், சொல்லிவைத்த மாதிரி அறுநூற்று இருபத்தேழு குறையும்.

இரண்டே பருவம் வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு தற்காலிக விரிவுரையாளர் செய்முறைக் கையேட்டின் ஓரத்தில் 'போர்டு திருத்தம் 627' என்று பென்சிலால் எழுதிவைத்தார். அடுத்த வருஷம் அது பேனாவுக்கு மாறியது. அதற்கடுத்த வருஷம் அச்சில் ஏறியது. அச்சில் ஏறியதை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? பரீட்சையில் அதற்கென்று ஐந்து மதிப்பெண் வேறு ஒதுக்கிவிட்டார்கள். லேப்காரரும் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "மீட்டரைப் பார்த்துப் பயந்துடாதீங்க. கணக்குல வர்றதுல அறுநூத்தி இருபத்தேழு கழிச்சுக்கோங்க, சரியா இருக்கும்." நல்ல மனசோடுதான் சொன்னார். ஒன்பது வருஷமாகச் சொன்னார்.

பாடம் நடத்துகிற மேடம் ஐம்பதை நெருங்குகிறவர். நாலு பாடம் அவர் தலையில் விழுந்திருந்தது. வகுப்புக்குள் வரும்போதே பாதி ஓய்ந்துதான் வருவார். ஆய்வகத்துக்கு வந்து போர்டைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரம் வாய்த்ததே இல்லை. கையேட்டில் இருப்பதை வைத்து விடைத்தாள் திருத்துவார், அவ்வளவுதான். ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டார். அன்றைக்கு லேப்காரருக்குப் பல்வலி. அதனால் தூங்கவில்லை.

"இந்தக் கடிகாரத்தை அம்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பாருங்க. நடுவுல பார்க்கக் கூடாது. பெரிய முள் என்ன பண்ற மாதிரி தெரியும்?"

முதல் பெஞ்சில் எறும்பு கை தூக்கினாள். எந்நேரமும் சுவரோரமாகவே நடந்து, தன்னைவிடப் பெரிய பையைச் சுமந்து திரிகிற பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. "பின்னாடி போற மாதிரி தெரியும் மேடம். ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம்."

"அம்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா?"

"பத்து நிமிஷம் பின்னாடி."

"ஆமா. முள் மாறல, கடிகாரம் மாறல. நீங்க எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கறீங்க, அது மட்டும்தான் மாறுச்சு," என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

லேப்காரர் போகவில்லை. தாடையைக் கையில் தாங்கியபடி அங்கேயே நின்றுவிட்டார். முள் மாறவில்லை, பார்க்கிற கணக்கு மாறிவிட்டது. அப்படியானால் அலையிலிருந்து எதுவும் குறையவில்லை. போர்டு எட்டாயிரம் தடவை பார்க்கவில்லை. எட்டாயிரத்தில் அறுநூற்று இருபத்தேழு போக எத்தனை மிச்சமோ அத்தனை தடவைதான் பார்க்கிறது. நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். ஏழாயிரத்து முன்னூற்று எழுபத்து மூன்று. அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருந்தார். எங்கே என்று ஞாபகம் வந்ததும் நோட்டை மூடிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தின் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, ஏழாம் நம்பர் போர்டின் சீலைக் கிழித்தார். எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று போர்டுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது கிரிஸ்டல் என்கிற, விரல் நகத்தளவு உலோகத் துண்டு. அதன்மேல் 8.000 என்று பொறித்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். 7.3728 என்று இருந்தது.

அதை வைத்துப் பற்றவைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து பன்னிரண்டு கிரிஸ்டலும் போய்விட்டன. திங்கட்கிழமை வகுப்பு திறக்கிறது. கடையில் எட்டு இல்லை. "ஏழே சொச்சம்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், வேலை செய்யும், எடுத்துட்டுப் போங்க" என்றான் கடைக்காரன். எடுத்து வந்து பன்னிரண்டையும் மாட்டினார். இருப்புப் பதிவேட்டில் எட்டு என்றே எழுதினார். வேலையும் செய்தது. எட்டுக்கும் ஏழே சொச்சத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற படிப்பு அன்றைக்கு அவருக்கு இல்லை.

மூன்று தடவை இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டியதில் முதன்முதலாக ஒரு விஷயம் அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை புரிந்தது. புரிந்ததும் அதில் சந்தோஷப்பட முடியவில்லை. கையேட்டில் இருக்கிற எண் தன்னுடைய தப்பு என்பதுதான் புரிந்த விஷயம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கால்களைச் சுவரில் தூக்கி வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன வைத்தியம்.

"யாருக்காச்சும் அடிகிடி பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல."

"எதுனா எரிஞ்சு போச்சா?"

"இல்ல. ஒன்பது வருஷமா எல்லாரும் தப்பான எண்ணை எழுதிக்கிட்டு இருக்காங்க."

"அதை எழுதித்தானே பாஸாகறாங்க?"

"ஆமா."

"அப்ப வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. இப்பப் போய் நான்தான் மாத்தி மாட்டுனேன், பதிவேட்டுல பொய் எழுதுனேன்னு சொன்னா, மேல ஏத்துவாங்களா உங்களை?" அவள் காலைக் கீழே இறக்கி, கொஞ்ச நேரம் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "பரீட்சைக்கு எப்படிப் படிச்சிருக்கீங்க, அதைச் சொல்லுங்க. இந்தத் தடவையாச்சும் தேறுமா?"

"தேறும்," என்றார் லேப்காரர். "இந்தத் தடவை எனக்குப் புரிஞ்சுடுச்சு." அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று தடவையில் ஒருநாளும் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. அவள் தலையைத் திருப்பி, சொன்னது நிஜம்தானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

சும்மா இருக்கத்தான் நினைத்தார். ஆனால் கை அரித்துக்கொண்டே இருந்தது. தெரியாமல் செய்த தப்பு வேறு. தெரிந்தபின் தினமும் அதே போர்டுகளைத் துடைத்து அடுக்கி வைப்பது வேறு. செய்முறை வகுப்புகள் அந்த வாரத்தோடு முடிந்திருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாடியில் யாரும் இல்லாத நேரத்தில், தன் கைக்காசில் வாங்கி வந்த பன்னிரண்டு எட்டுகளைப் பன்னிரண்டு போர்டிலும் மாட்டினார். நாலு மணி நேரம் குனிந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றிலும் ஏழாயிரத்தை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மீட்டரிலும் ஆயிரம், ஆயிரம், ஆயிரம். புதுச் சீல் ஒட்டினார். அப்பாடா என்று இருந்தது.

அவர் போட்ட கணக்கு இதுதான். பரீட்சை அன்று பிள்ளைகள் மீட்டரைப் பார்ப்பார்கள். புத்தகத்தில் இருக்கிறபடியே வருகிறது, இந்த வருஷம் திருத்தமே வேண்டியதில்லை என்று எழுதுவார்கள். மேடமும் நல்லதாகப் போச்சு என்று விட்டுவிடுவார். அந்த எண் சத்தமில்லாமல் செத்துப்போகும். களைத்த மூளை போடுகிற கணக்கு இப்படித்தான் பாதியில் நிற்கும். ஒன்பது வருஷமாக அந்த ஆய்வகத்தில் நின்றவருக்கு, அங்கே யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை என்பது எப்படித் தெரியாமல் போனதோ.

எழுத்துத் தேர்வு முடிந்தது. தேறிவிடுவோம் என்று நம்புகிற அளவுக்கு எழுதியிருந்தார். செய்முறைத் தேர்வு பன்னிரண்டாம் தேதி. நாற்பத்தெட்டு பேர், நாலு குழு; இவர் இருந்தது முதல் குழு. இவரே பரீட்சை எழுதுவதால் வயர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். லேப்காரர் ஐந்தாம் நம்பர் மேஜை, எறும்பு ஆறாம் நம்பர். ஐயாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம் என்று மூன்று அலைகளை விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விடைத்தாளில் மூன்று கட்டங்கள்: கணக்குப்படி, மீட்டரில் கண்டது, திருத்தம்.

பத்து நிமிஷத்துக்குள்ளேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலாம் மேஜைப் பையன் வயரை மாட்டுவதற்கு முன்னாலேயே மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டான். மூவாயிரம், இரண்டாயிரத்து முன்னூற்று எழுபத்து மூன்று, அறுநூற்று இருபத்தேழு. மனப்பாடம். எதிர் மேஜைப் பெண் மீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். முதல் மேஜைக்காரன் மீட்டரை ஆன் செய்யவே இல்லை. எல்லோர் தாளிலும் அதே எண்கள் அச்சடித்த மாதிரி வந்துகொண்டிருந்தன. லேப்காரர் தன் மீட்டரைப் பார்த்து, கண்டது என்ற கட்டத்தில் மூவாயிரம், இரண்டாயிரம், ஆயிரம் என்று எழுதினார். திருத்தம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், என் போர்டு சரியில்ல," என்றாள் எறும்பு. "திருத்தம் வர மாட்டேங்குது."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் வேறு பாடத்தின் விடைத்தாள்கள் மலையாகக் குவிந்திருந்தன. "பக்கத்துல உபரியா ஒண்ணு இருக்கு பாரு. மாத்தி எடுத்துக்கோ."

அந்தக் குழுவில் அன்று பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். அடுத்த மேஜையில் ஒரு போர்டு சும்மா இருந்தது. அதை எடுத்துவந்து மாட்டினாள். லேப்காரருக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"இதுலயும் ஆயிரம்தான் மேடம் வருது."

"மத்த எல்லாருக்கும் வருது. உனக்கு மட்டும் வரலைன்னா தப்பு எங்க இருக்கு, நீயே சொல்லு." மேடம் கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். "வயரிங்கைப் பாரும்மா. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

எறும்பு வயரிங்கைப் பிரித்து மறுபடி மாட்டினாள். மீட்டரைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளை மை எடுத்துக் கண்டது என்ற கட்டத்தின்மேல் பூசினாள். பூசிவிட்டு, காய்வதற்காகத் தாளை ஊதினாள். ஊதிக்கொண்டே லேப்காரர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, என் கண்ணுக்கு ஆயிரம்னுதான் தெரியுது. முன்னூத்தி எழுபத்தி மூணுன்னு எழுதிடட்டுமா?"

எழுதிக்கோ என்று ஒரு வார்த்தை போதும். ஒன்பது வருஷமாக அவர் வாய் ஓயாமல் சொன்ன வார்த்தைதான். சொல்லிவிட்டுத் தன் தாளிலும் அதையே எழுதிவிட்டால் எல்லோரும் பாஸ். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மனைவியின் கால் கண்முன் வந்தது. நிஜமாகவே வந்தது, பாதத்திலிருந்து முழங்கால்வரை. அவர் வாயைத் திறந்தார். கண்ணால் பார்க்கிற ஒருத்தி, பார்த்ததை அழிக்கட்டுமா என்று தன்னிடம் வந்து அனுமதி கேட்கிறாள். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"எழுதாதம்மா," என்றார். எழுந்து நின்றார். "மேடம், அந்தப் பொண்ணு போர்டு சரியாத்தான் இருக்கு. எல்லாப் போர்டும் சரியாத்தான் இருக்கு. இத்தனை வருஷம்தான் சரியா இல்ல."

மேடம் தலை நிமிர்ந்தார். லேப்காரர் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். மின்சாரம் பாய்ந்தது, கடைக்காரன் சொன்னது, பதிவேட்டில் எட்டு என்று எழுதியது, போன சனிக்கிழமை மாற்றியது. நீட்டி முழக்கவும் இல்லை, மென்று முழுங்கவும் இல்லை. மேடம் எழுந்து வந்து ஆறாம் மேஜையின் மீட்டரைப் பார்த்தார். போர்டை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். ஏழாயிரத்தை எடுத்துவிட்டு ஆறாயிரத்தை விட்டார். இரண்டாயிரம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க கடிகாரம் சொன்னீங்களே மேடம். அன்னிக்குத்தான்."

மேடம் ஒவ்வொரு மேஜையாகப் போய், தாளில் கண்டது என்று எழுதியிருந்ததையும் மீட்டர் காட்டுவதையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்பது தாளில் முன்னூற்று எழுபத்து மூன்று. ஒன்பது மீட்டரில் ஆயிரம். ஒன்று அணைந்தே கிடந்ததால் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேடம் தாள்களை வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பினார். எறும்பு கடைசியாகப் போனாள். வெள்ளை மைக்கு மேலே ஆயிரம் என்று திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மேடம் ஆடுகிற ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்தார்.

"நான் ஆறு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன்," என்றார். "மேல எட்டாயிரம்னு சொல்லிக்கொடுத்துட்டு, கீழ அறுநூத்தி இருபத்தேழுக்கு மார்க் போட்டிருக்கேன். ரெண்டையும் ஒரு நாளும் சேர்த்து வெச்சுப் பார்க்கல. உங்க தப்பு ஒண்ணு. என்னோடது ஆறு."

"எனக்கு மார்க் போடுவீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டார் லேப்காரர். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கும் அந்தப் பொண்ணுக்கும் முழுசாப் போடலாம். ஆனா மத்த ஒன்பது பேர் பார்க்காமலே எழுதியிருக்காங்க. பார்க்காம எழுதினா பாஸ்னு சொல்லிக்கொடுத்ததே நாங்கதான். இன்னும் மூணு குழு வெளிய நிக்குது. ஒரு குழுவுல ரெண்டு பேருக்கு மட்டும் போட்டா அது செல்லாது. எழுதித் துறைத் தலைமைக்கு அனுப்பித்தான் ஆகணும். பரீட்சையை ரத்து பண்ணிட்டு, கையேட்டைத் திருத்திட்டு, மறுபடி வைப்பாங்க."

"எப்ப மேடம்?"

"அடுத்த மாசக் கடைசியில." மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "உங்க விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டது நான்தான். முப்பதாம் தேதின்னு எனக்குத் தெரியும். அலுவலகத்துல கேட்டுப் பார்க்கறேன். அவங்க தேதியை மாத்தி நான் பார்த்ததில்ல." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "நானா இருந்தா சும்மா இருந்திருப்பேன்" என்றார்.

அலுவலகத்தில் மேடம் நேரிலேயே போய்க் கேட்டார். லேப்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடியாது என்றுதான் சொன்னார்கள். மரியாதையாகவே சொன்னார்கள். பதிவேட்டு விஷயத்துக்கு விளக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுக்கவும் சொன்னார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மீதி மூன்று குழுவுக்கும் பரீட்சை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பன்னிரண்டு போர்டையும் துடைத்து அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டியிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றார். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அந்தப் பொண்ணு கடைசியா என்ன எழுதுச்சு?" என்று கேட்டாள்.

"பார்த்ததை எழுதுனா."

"ம்."

"திட்டணும்னா திட்டிடு."

"திட்டி என்ன ஆகப்போகுது." அவள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் சூப்பர்வைசர்கிட்ட மாசக் கடைசியோட வேலையை விடறேன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை புரிஞ்சுடுச்சுன்னு சொன்னீங்க இல்ல. நீங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அதான்."

லேப்காரர் செருப்போடேயே உள்ளே வந்துவிட்டார். "நான் வந்து பேசட்டுமா அவர்கிட்ட?"

"நீங்க எதுக்கு. சொன்னது நான். நானே போய் வேலையை விடலைன்னு சொல்லிக்கறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சீருடை துவைத்து ஈரமாகக் கொடியில் தொங்கியது. இன்னொன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். அதை வெளியே எடுத்து, செய்தித்தாளைப் பிரித்து, ஒரு உதறு உதறி, காலையில் போட்டுக்கொள்ள ஆணியில் மாட்டினாள்.